உப்பு ஜாடியின் வடிவத்தை எடுத்துக்கொள்கிறதே, அப்படியானால் அது திரவமா?

கோவை அம்மா

எல்லோருக்கும் வணக்கம். மகளுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. போன வாரம் பள்ளியில் திண்மம், திரவம் நடத்தியிருக்கிறார்கள். "திண்மத்துக்கு நிலையான வடிவம் உண்டு. திரவத்துக்கு இல்லை. ஊற்றும் பாத்திரத்தின் வடிவத்தை அது எடுத்துக்கொள்ளும்." மூச்சு விடாமல் ஒப்பிக்கிறாள்.

அன்று சாயங்காலம் உப்பு ஜாடியை நிரப்பிக்கொண்டிருந்தேன். பாக்கெட்டிலிருந்து தூள் உப்பு சரசரவென்று இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றவள், "அம்மா, உப்பும் ஊத்துது, ஜாடி மாதிரியே ஆயிடுச்சு. அப்போ உப்பு திரவமா?" என்றாள். "இல்லடா, திண்மம்" என்றேன். "ஏன்?" என்றாள். என்னிடம் பதில் இல்லை.

மறுநாள் வகுப்பில் கேட்டிருக்கிறாள். புத்தகத்தில் இருப்பதை மட்டும் படி என்று உட்கார வைத்துவிட்டார்களாம். அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. மதிப்பெண் போனால் போகட்டும், கேட்பதை நிறுத்திவிட்டாளே என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

கையால் தொட்டு, கொட்டி, பிசைந்து புரிந்துகொள்ள என்ன செய்யலாம்? வீடியோக்களில் பார்த்தால் எல்லாம் கலர் கலரான பிளாஸ்டிக் சாமான்கள். வீட்டில் இருப்பதை வைத்துச் சொல்லுங்களேன்.

---

வேதியியல் வாத்தியார்

அம்மா, உங்கள் மகள் கேட்டது அந்த வரையறையில் இருக்கும் ஓட்டையை. நான் பத்தாம் வகுப்புக்குப் பாடம் எடுப்பவன், அங்கேகூட இதைக் கேட்கும் பிள்ளை அபூர்வம். முதலில் அவளிடம் "நல்ல கேள்வி கேட்டாய், எனக்கே தெரியவில்லை, வா, பார்க்கலாம்" என்று சொல்லிவிடுங்கள்.

இரண்டு தட்டு எடுங்கள். ஒன்றில் ஒரு டம்ளர் தூள் உப்பு, இன்னொன்றில் ஒரு டம்ளர் தண்ணீர். இரண்டையும் அவளே கொட்டட்டும். உப்பு குவியும், தண்ணீர் தட்டு முழுக்கப் பரவிச் சமமாகிவிடும். தண்ணீரைக் குவித்து வைக்க முடியுமா என்று கேளுங்கள். கையால் அணை கட்டிப் பார்ப்பாள், பார்க்கட்டும்.

அப்புறம் ஒரு கல் உப்பு. டம்ளரில் போட்டாலும் சொம்பில் போட்டாலும் அது அதே கல்தான். இது திண்மம் என்று அவளே சொல்லிவிடுவாள். இப்போது அதை உரலில் போட்டு ஒரு இடி. இரண்டானது. இன்னும் ஒரு இடி. நாலைந்து துண்டு. இடித்துக்கொண்டே போய்த் தூளாக்கிக் கிண்ணத்தில் கொட்டச் சொல்லுங்கள். "எந்த இடியில் இது திரவமாக மாறியது?" என்று கேளுங்கள். பதிலை நீங்கள் சொல்லவே வேண்டாம்.

உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் தூள் உப்பைக் கறுப்புத் துணியில் தூவிக் காட்டுங்கள். ஒவ்வொரு பருக்கையும் குட்டிக் குட்டிக் கட்டமாகத் தெரியும். ஜாடியின் வடிவத்துக்கு வந்தது குவியல்தான், பருக்கையின் வடிவம் அப்படியே இருக்கிறது. மணல், ரவை, சர்க்கரை எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

---

மழலைப் பள்ளி டீச்சர்

சார் சொன்னதற்கு முன்னால் ஒரு படி இருக்கிறது. நான் மான்டிசோரி முறையில் பயிற்சி எடுத்தவள். எங்களிடம் மூன்று வயதுக் குழந்தைக்கு முதலில் தருவது ஊற்றும் பயிற்சி. ஒரு தட்டு, இரண்டு குட்டிக் குவளை. முதலில் தானியம், கை பழகிய பிறகுதான் தண்ணீர். தானியம் சிந்தினால் ஒவ்வொன்றாகப் பொறுக்கலாம். தண்ணீர் சிந்தினால் பொறுக்க முடியாது, ஸ்பாஞ்சால் ஒற்றித்தான் எடுக்க வேண்டும். திண்மம், திரவம் என்ற வார்த்தை தெரியாத குழந்தைக்கு இந்த வித்தியாசம் விரலிலேயே ஏறிவிடுகிறது. அதனால் சிந்தியதைத் துடைப்பதையும் குழந்தையிடமே விடுங்கள். பாதிப் பாடம் அதில் இருக்கிறது.

இந்த முறையை உருவாக்கிய இத்தாலியப் பெண்மணி மரியா மான்டிசோரி 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து, பிரம்மஞான சபை வளாகத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். போர்க் காலத்தில் கொஞ்ச காலம் கொடைக்கானலிலும் இருந்தார். வெளிநாட்டுச் சரக்கு என்று யாராவது சொன்னால் நான் இதைச் சொல்லுவேன், நம் ஊர் மண்ணில் வேர் பிடித்தது இது.

இன்னொன்று. அகலமான கிண்ணத்துத் தண்ணீரை அவள் கண் முன்னாலேயே ஒல்லியான உயர டம்ளருக்கு மாற்றி "எதில் அதிகம்?" என்று கேளுங்கள். ஏழு வயதுக்குக் கீழே பெரும்பாலான குழந்தைகள் உயர டம்ளரைத்தான் காட்டும். சுவிட்சர்லாந்து உளவியலாளர் பியாஜே இதைத்தான் செய்து பார்த்தார். தப்பாகச் சொன்னால் திருத்த வேண்டாம். திரும்பத் திரும்ப ஊற்றட்டும், ஒரு நாள் தானாகவே சொல்லும்.

---

திருவையாறு பாட்டி

நான் குறுக்கே பேசுவதாக நினைக்க வேண்டாம். அரிசியையும் மாவையும் தரையில் கொட்டி விளையாடச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. கீழே விழுந்த பருக்கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு எடுத்த குடும்பம் எங்களுடையது. சோறு இல்லாமல் எத்தனையோ பிள்ளைகள் இருக்கும்போது, நாம் அதை விளையாட்டுச் சாமான் ஆக்கலாமா?

---

மழலைப் பள்ளி டீச்சர்

பாட்டி, எங்கள் பள்ளியிலும் இந்தப் பேச்சு வந்தது. அதற்கப்புறம் அரிசியை நிறுத்திவிட்டோம். சலித்துக் கழுவிய ஆற்று மணல் வைத்திருக்கிறோம், புளியங்கொட்டை வைத்திருக்கிறோம். வண்டு விழுந்த பயறு யார் வீட்டிலிருந்தாவது வந்தால் வெயிலில் காயவைத்து ஒரு டப்பாவில் போட்டு, அதையே வருடம் முழுக்கப் பயன்படுத்துகிறோம். நீங்கள் சொல்வதை நான் ஒத்துக்கொள்கிறேன்.

---

திருவையாறு பாட்டி

ரொம்ப சந்தோஷம் அம்மா. அப்படியானால் என் பங்குக்கு நானும் சொல்கிறேன். அடுப்படியில் நடக்கிற வேலையிலேயே கையை விட வையுங்கள், எதுவும் வீணாகாது.

என் பேத்தி லீவுக்கு வந்தால் மோர் கடைவது அவள் வேலை. ஒரு வாரம் சேர்த்த ஆடைத் தயிரை உயரமான பாத்திரத்தில் ஊற்றி, மத்தை அவள் கையில் கொடுத்துவிடுவேன். கொஞ்ச நேரம் மத்து லேசாகச் சுழலும். அப்புறம் கனக்கும். "பாட்டி, இழுக்குது" என்பாள். அப்போது ஒரு சொம்பு குளிர்ந்த தண்ணீர் விடுவேன். திடீரென்று சத்தம் மாறும். களக் களக் என்று மோர் பிரிய, மேலே மஞ்சள் பொடிப் பொடியாக மிதக்கும். இரண்டு கையாலும் சேர்த்து உருட்டினால் பந்தாக வரும். ஊற்றினது எல்லாம் திரவம், கையில் வந்தது உருண்டை! முதல் தடவை அந்தக் குழந்தையின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

இன்னொன்று வெல்லப் பாகு. அதைத் தூர நின்று பார்ப்பதோடு சரி, கிட்டே விடக் கூடாது, பாகு பட்டால் தோலோடு ஒட்டிக்கொண்டு வேகும். கிண்ணத்தில் பச்சைத் தண்ணீர் வைத்துக்கொண்டு, பாகிலிருந்து ஒரு சொட்டு விடுங்கள். முதலில் கரைந்து ஓடும். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு சொட்டு, அது கரையாமல் அடியில் தங்கும், விரலால் சேர்த்தால் மெத்தென்று உருளும். அதற்கும் அப்புறம் விட்டால், தட்டினால் டங்கென்று கேட்கும். தண்ணீரில் ஆறின அந்த இரண்டு உருண்டையையும் அவள் கையில் கொடுங்கள். அதிரசத்துக்கு ஒரு பதம், கடலை உருண்டைக்கு ஒரு பதம் என்று பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

---

நீலகிரி வாசி

எங்கள் ஊருக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. ஊட்டியில் வருடத்தில் பெரும்பாலான நாள் தேங்காய் எண்ணெய் கட்டியாகத்தான் இருக்கும். காலையில் தலைக்கு வைக்க வேண்டுமென்றால் பாட்டிலை வெந்நீரில் நிறுத்த வேண்டும். கீழே மேட்டுப்பாளையம் போனால் அதே பாட்டில் தண்ணீர் மாதிரி ஓடும். எண்ணெய் ஒன்றுதான், ஊர்தான் வேறு. ஏறக்குறைய 24 டிகிரியில் அது உருகிவிடும், அதனால்தான் இந்த விளையாட்டு.

கோவையில் மார்கழி வரை காத்திருக்க வேண்டாம், ஃபிரிட்ஜ் போதும். வாய் அகன்ற சின்னக் கண்ணாடி பாட்டிலில் உறையவைத்து மகளிடம் கொடுங்கள். முழுக்க வெள்ளை. ஒரு துண்டைக் கரண்டியால் எடுத்து உள்ளங்கையில் வைத்து மூடச் சொல்லுங்கள். ஒரு நிமிடத்தில் விரலிடுக்கில் வழியும். உருக்குவதற்குத் தன் கைச்சூடே போதும் என்று அவளுக்குத் தெரியும்போது ஒரு பெருமை வரும் பாருங்கள்!

பாதி உருகிய பாட்டிலையும் பார்க்கச் சொல்லுங்கள். கட்டி அடியில் கிடக்கும், தெளிந்த எண்ணெய் மேலே நிற்கும். பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீரில் ஐஸ் துண்டு வையுங்கள். அது மேலே மிதக்கும். பெரும்பாலான பொருள்கள் உறையும்போது நெருங்கி இறுகும், அதனால் மூழ்கும். தண்ணீர் உறையும்போது விரிகிறது. அதைச் சொல்லித்தர அவசரமில்லை, வித்தியாசத்தைப் பார்த்தால் போதும்.

---

தமிழாசிரியை

ஒரு சின்ன விஷயம். நாம் பேச்சுவாக்கில் "ஐஸ் கரைஞ்சு போச்சு" என்கிறோம், "சர்க்கரை கரைஞ்சுது" என்றும் சொல்கிறோம். தமிழில் இதற்கு இரண்டு சொல் இருக்கிறது. பனிக்கட்டி, நெய், மெழுகு எல்லாம் உருகும். அதற்குச் சூடு வேண்டும். உப்பும் சர்க்கரையும் தண்ணீரில் கரையும். அதற்குத் தண்ணீர் வேண்டும். குழந்தையிடம் பேசும்போது இந்த இரண்டையும் மாற்றாமல் சொன்னால், பின்னால் அறிவியல் பாடத்தில் வரும் பெரிய குழப்பம் ஒன்று தானாகவே தீரும்.

"உறை" என்ற சொல்லிலும் இப்படி ஒரு விஷயம் உண்டு. தண்ணீர் உறைந்தால் மறுபடி உருகித் தண்ணீராகும். பாலுக்கு உறை ஊற்றித் தயிரான பிறகு, எவ்வளவு சூடாக்கினாலும் பால் திரும்ப வராது. திரும்பி வருவது எது, வராதது எது என்று குழந்தையைப் பட்டியல் போடச் சொல்லுங்கள். என் மாணவர்கள் அப்பளம், முட்டை, மெழுகு, சாக்லேட் என்று ஒரு மணி நேரம் சண்டை போட்டார்கள்.

---

மஞ்சள் மாவு அப்பா

நான் செய்த தப்பை நீங்கள் செய்யாதீர்கள் என்று எழுதுகிறேன். கார்ன்ஃப்ளோரில் தண்ணீர் கலந்தால் குத்தினால் கெட்டி, விட்டால் தண்ணீர் என்று படித்துவிட்டுக் கடையில் சோள மாவு கேட்டேன். மஞ்சள் மக்காச்சோள மாவு கொடுத்தார்கள். இரண்டு பிள்ளைகளும் சட்டையைக் கழற்றிவிட்டு ஆவலாக உட்கார்ந்திருக்க, கிடைத்தது சாதாரணக் கூழ். இளையவன் அழுதேவிட்டான்.

வேண்டியது வெள்ளை வெளேரென்று, பவுடர் போல நைசாக இருக்கும் மாவு, சூப்பைக் கெட்டியாக்கப் போடுவது. மைதாவும் ஆகாது. கூவைக்கிழங்கு மாவு, அதாவது ஆரோரூட் மாவு வேலை செய்கிறது, செய்து பார்த்துவிட்டேன். ஒரு கப் மாவுக்கு அரை கப் தண்ணீர். முதலில் கொஞ்சம் குறைவாக விட்டு, கையால் கிளறிக்கொண்டே சொட்டுச் சொட்டாகச் சேர்க்க வேண்டும். ஒரு ஸ்பூன் கூடினால் பால் மாதிரி ஆகிவிடும், குறைந்தால் உதிரும்.

சரியான பதம் வந்தால் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். விரலை மெதுவாக இறக்கினால் அடி வரை போகிறது. வெடுக்கென்று இழுத்தால் கிண்ணமே கூட வருகிறது. ஒரு கை அள்ளி வேகமாக உருட்டினால் கொழுக்கட்டை போல உருண்டை. உருட்டுவதை நிறுத்தின அடுத்த நொடி உருண்டை பளபளத்து, தளர்ந்து, மணிக்கட்டு வழியாக வழிந்து முழங்கைக்குப் போகிறது. பெரியவள் ஒரு வார்த்தை பேசாமல் இதையே நாற்பது தடவையாவது செய்திருப்பாள். அப்புறம் கேட்டாள்: "அப்பா, இது தன் மனசை மாத்திக்குதா?"

---

வேதியியல் வாத்தியார்

அந்தக் கேள்விக்கு என்னாலான பதில். அந்த மாவு தண்ணீரில் கரைவதில்லை, நுண்ணிய மணிகளாக மிதந்து நிற்கிறது. மெதுவாக அசைத்தால் மணிகளுக்கு நடுவே தண்ணீர் வழுக்கி வழிவிடுகிறது, ஓடுகிறது. திடீரென்று அழுத்தினால் தண்ணீர் விலகி, மணியோடு மணி உரசி நெரிசலாகிப் பூட்டிக்கொள்கிறது. திருவிழாக் கூட்டத்தில் மெதுவாக நடந்தால் போய்விடலாம், எல்லோரும் ஒரே நேரத்தில் முண்டினால் யாருமே நகர முடியாது. பிள்ளைகளை நெருக்கமாக நிற்க வைத்து, நடுவில் ஒருவரை மெதுவாக நடந்து போகச் சொல்லிக் காட்டுங்கள்.

முக்கியமான ஒன்று: அதைச் சிங்க்கில் கொட்டாதீர்கள். மாவு அடியில் தங்கிக் குழாயை அடைத்துவிடும். தட்டில் காயவிட்டால் பாளம் பாளமாக வெடிக்கும். மறுநாள் தண்ணீர் தெளித்தால் திரும்பவும் அதே விளையாட்டு.

---

குழந்தைகள் வார்டு செவிலியர்

எல்லோரும் ஆசையாகச் செய்கிறீர்கள், கெடுக்க வரவில்லை. ஆனால் இதை எழுதாமல் போக மனம் வரவில்லை.

தண்ணீரில் ஊறிப் பெரிதாகும் வண்ண ஜெல்லி உருண்டைகளை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். கடுகு அளவில் இருக்கும்போது குழந்தை விழுங்கிவிட்டால், வயிற்றுக்குள்ளும் அது ஊறிப் பெருகிக் குடலை அடைக்கும். எக்ஸ்ரேயிலும் பெரும்பாலும் தெரியாது. அதற்குப் பதில் ஊறவைத்து வேகவைத்த ஜவ்வரிசியோ, இரவு ஊறவைத்த பாதாம் பிசினோ கொடுங்கள். கல் மாதிரி இருந்த பிசின் காலையில் கிண்ணம் நிறைய தளதளவென்று நிற்பதே பெரிய அதிசயம்.

மூன்று வயதுக்குக் கீழே பயறு, கடலை, புளியங்கொட்டை வேண்டாம். மூக்கில் போட்டுக்கொள்வார்கள், அங்கே அது ஊறிப் பருத்தால் எடுப்பது கஷ்டம். வாளித் தண்ணீரில் விளையாடினால் பெரியவர் ஒருவர் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், நாலு விரல் ஆழம்கூட ஆபத்துதான். திண்மம் அப்படியே ஆவியாவதைக் காட்டக் கற்பூரத்தையும் பாச்சா உருண்டையையும் கையில் கொடுக்காதீர்கள். கற்பூரம் கொஞ்சம் வாய்க்குள் போனாலே வலிப்பு வரலாம்.

---

தனிக்கவனக் குழந்தையின் தாய்

என் மகனுக்கு ஈரம் கையில் பட்டாலே உடம்பு நடுங்கும். ஒரு வகுப்பில் எல்லோரும் செய்கிறார்கள் என்று அவன் கையைப் பிடித்து மாவில் அழுத்திவிட்டார்கள். அதற்கப்புறம் ஆறு மாதம் சப்பாத்தி மாவைக் கண்டாலே ஓடினான். தயவுசெய்து யாரும் குழந்தையைக் கட்டாயப்படுத்தாதீர்கள்.

ஜிப் வைத்த கெட்டிப் பையில் கலவையைப் போட்டு மேலே டேப் ஒட்டிக் கொடுத்தோம். வெளியிலிருந்து அமுக்கினான். சில வாரம் கழித்து ஸ்பூன். இப்போது ஒரு விரல் வைக்கிறான், துடைக்கத் துண்டு பக்கத்திலேயே இருக்க வேண்டும். அந்த ஒரு விரல் எங்களுக்குப் பெரிய விஷயம்.

---

கீழக்கரை உம்மா

நோன்பு மாதத்தில் எங்கள் வீட்டில் கடற்பாசி, அதாவது அகர் அகர் காய்ச்சுவோம். பிள்ளைகளுக்குக் காட்ட அது நல்ல பொருள். கொதிக்கும்போது தண்ணீர், தட்டில் ஊற்றி வைத்தால் ஃபிரிட்ஜ் இல்லாமலேயே உறைந்துவிடும். ஐஸ் துண்டையும் கடற்பாசித் துண்டையும் ஒரே தட்டில் வெயிலில் வைத்தோம். ஐஸ் உருகி ஓடியது, கடற்பாசி அப்படியே நின்றது. அதை மறுபடி உருக்க வேண்டுமென்றால் அடுப்பில் ஏற்ற வேண்டும், 85 டிகிரி பக்கம் போக வேண்டும்.

---

மெரினா நடையாளர்

ஐஸ் பற்றி வந்ததால் சொல்கிறேன். மெரினாவில் விவேகானந்தர் இல்லம் இருக்கிறதே, அதன் பழைய பெயர் ஐஸ் ஹவுஸ். 1842-இல் கட்டியது. அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் குளிர்காலத்தில் வெட்டிய பனிக்கட்டியை டியூடர் என்ற வணிகரின் நிறுவனம் கப்பலில் கொண்டுவந்து அங்கே சேமித்தது. சூயஸ் கால்வாய் இல்லாத காலம். ஆப்பிரிக்காவைச் சுற்றி, நிலநடுக்கோட்டை இரண்டு முறை கடந்து வர வேண்டும். இத்தனைக்கும் பனிக்கட்டியைக் காத்தது மரத்தூள்தான்.

இதைச் சொல்வதற்கு முன்னால் பிள்ளைகளிடம் இரண்டு டம்ளரில் ஐஸ் போட்டு, ஒன்றைக் கம்பளியில் சுற்றி, "எது முதலில் உருகும்?" என்று கேளுங்கள். கம்பளி சூடாக்கும், அதனால் அதுதான் முதலில் உருகும் என்பார்கள். அரை மணி கழித்துப் பிரித்துப் பார்க்கட்டும். அதற்கப்புறம் கப்பல் கதையைச் சொன்னால் வாயைப் பிளந்து கேட்பார்கள்.

---

கோவை அம்மா

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பத்து நாள் கழித்து எழுதுகிறேன்.

கல் உப்பை உரலில் இடித்தாள். ஏழாவது இடியில் நிறுத்தி, "அம்மா, இது எப்பவுமே கல்லுதான், சின்னக் கல்லு" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை, கட்டிக்கொண்டேன்.

அதற்கப்புறம் ஒரு நோட்டில் இரண்டு கட்டம் போட்டுத் திண்மம், திரவம் என்று எழுதினாள். மறுநாள் பார்த்தால் நடுவில் மூன்றாவது கட்டம்: "இன்னும் பாக்கணும்." அதில் நெய் இருக்கிறது, மேலே தெளிவாகவும் அடியில் மணல் மணலாகவும் நிற்பதால். கார்ன்ஃப்ளோர் கலவை, தோசை மாவு, பாதாம் பிசின் எல்லாம் அங்கேதான். நேற்று வகுப்புக்கு அந்த நோட்டை எடுத்துப் போயிருக்கிறாள். பக்கத்து இருக்கைப் பெண் அதில் "சேறு" என்று சேர்த்திருக்கிறாள்.

இன்று காலை பல் தேய்க்கும்போது புதுக் கேள்வி. பேஸ்ட் பிரஷ் மேல் அப்படியே நிற்கிறது, அமுக்கினால் ஓடுகிறது, இது எந்தக் கட்டம்? வாத்தியார் சார், சொல்லுங்களேன்.

---

வேதியியல் வாத்தியார்

மூன்றாவது கட்டத்திலேயே இருக்கட்டும். லேசான விசைக்கு அசையாமல் நிற்கும், ஒரு அளவுக்கு மேல் அழுத்தினால்தான் ஓடத் தொடங்கும், அரைத்த சந்தனம் மாதிரி. கார்ன்ஃப்ளோர் கலவை அழுத்தினால் கெட்டியாகும், இது அழுத்தினால் இளகும். நேர் எதிர்.

நாளைக் காலை மூடியைத் திறந்து டியூபைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு எண்ணச் சொல்லுங்கள். பக்கத்தில் தேன் பாட்டிலையும் அதே போலக் கவிழ்க்கட்டும், கீழே ஒரு கிண்ணம் வைத்துக்கொண்டு. எந்த எண்ணில் எது விழுகிறது என்று எழுதுங்கள்.